லமினேட் செய்த மருந்துத் துண்டு

காலை பதினொரு மணிக்குத் துவாரகா தொலைபேசியில் அழைத்தாள். ஐம்பத்தைந்து வயதில் நான் ஓய்வு பெற்றபோது உடுவில் பக்கத்திலிருக்கும் எங்கள் சின்ன ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்கை என்னிடமிருந்து பொறுப்பெடுத்த இளம் டொக்டர் அவள்.

"அக்கா, உங்கடை துண்டோடை ஒராள் வந்திருக்கிறார்."

"எந்தத் துண்டு?"

"லமினேட் பண்ணினது. தேதி வடிவாத் தெரியுது. அந்தத் தேதியிலை நான் பள்ளிக்கூடத்திலை ஓ.எல். சோதினை கூட எடுக்கேல்லை அக்கா. பாமசியிலை பழைய துண்டுக்கு மருந்து குடுக்கமாட்டம் எண்டு சொல்லிப்போட்டினமாம். உதைப் பாத்துப் புதுசா எழுதித் தரட்டாம். வாயைத் திறவுங்கோ எண்டா திறக்கிறாரில்லை. 'வாயிலை என்ன பாக்கிறது பிள்ளை, துண்டிலை எல்லாம் கிடக்கு' எண்டுறார்."

"இருக்கச் சொல்லும். வாறன்."

செருப்பை மாட்டினேன். ஸ்கூட்டியின் சாவியைத் தேடினேன். ஓய்வு பெற்ற ஒருத்தி ஒரு காகிதத் துண்டுக்காக இந்த வெயிலில் ஏன் ஓட வேண்டும் என்று துவாரகா பிறகு கேட்டாள். கேட்டுவிட்டு, "உதை எழுதுங்கோ அக்கா, எங்கடை இளம் டொக்டர்மாருக்குத் தேவை" என்றாள். எழுதுகிறேன்.

பேராதனையில் பல் மருத்துவம் படித்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மழை, மலை, குளிர்ந்த பளிங்கு மேசை, மெழுகில் செதுக்கிய பற்கள். மருந்தியல் பாடத்தில் நான் நல்ல புள்ளி எடுத்தேன். எந்த மருந்து எந்தக் குடும்பம், எது கிருமியின் எந்த இடத்தைத் தாக்கும் என்று நித்திரையிலும் சொல்வேன். அதைச் சொல்லத் தெரிவதும் ஒரு நோயாளிக்கு முன்னால் பேனையைக் கீழே வைக்கத் தெரிவதும் வெவ்வேறு படிப்புகள் என்பது அப்போது தெரியாது.

நான் யாழ்ப்பாணத்துக்கு நியமனம் பெற்று வந்தது யுத்தத்தால் தெற்கிலிருந்து வரும் பாதை பூட்டியிருந்த காலம். கப்பலில் வந்தால்தான் மருந்து. கப்பல் பிந்தினால் பஞ்சும் இல்லை. இன்றைக்குப் பல்லுப் பிடுங்கியவர் நாளைக்கு முகம் வீங்கினால் ஊரடங்கைத் தாண்டி எங்கே வருவார்? அதனால் கையில் இருக்கும்போதே கொடுத்தேன். பல்லைப் பிடுங்கினால் ஐந்து நாளுக்கு அமொக்சிசிலின், கூடவே மெற்றோனிடசோல், இரண்டும் கிருமியைக் கொல்லும் அன்ரிபயோட்டிக். காய்ச்சல் இல்லையா, இருக்கட்டும். வீக்கம் இல்லையா, வந்தால்? அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அதை நான் இன்றும் மறுக்கமாட்டேன்.

சனமும் ஒன்றைப் பழகிக்கொண்டது. கிடைத்த குளிசையில் பாதியைச் சாப்பிடுவது, மீதியைப் பால்மா ரின்னில் போட்டு மூடி வைப்பது. அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்குத் தெரியும்?

பிறகு பாதை திறந்தது. லொறிகள் வந்தன. பாமசிகள் முளைத்தன. என் கை மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. பல்லு வெளியே வந்ததும் வலக்கை தானாகத் துண்டை இழுத்து அதே இரண்டு மருந்தையும் எழுதும். எழுதுகிறேன் என்பதுகூடத் தெரியாமல் எழுதுவேன், மூச்சு விடுவதைப் போல.

இங்கே என் கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பம் மெதடிஸ்த குடும்பம். அம்மாவும் சித்திமாரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள். நாலு கோட்டுக் கொப்பியில் சாய்வெழுத்து எழுதாமல் எங்கள் வீட்டில் யாருக்கும் இரவுச் சாப்பாடு இல்லை. டொக்டர் ஆன பிறகும் என் எழுத்து குலையவில்லை. மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை, எத்தனை நாள், எல்லாம் அச்சடித்ததுபோல் இருக்கும். பாமசிக்காரர்கள் கும்பிடாத குறை. எனக்கு அது பெருமை.

யாருக்கும் விளங்காமல் கிறுக்கியிருந்தால் அந்தத் துண்டுகள் ஒரு கிழமையில் குப்பைக்குப் போயிருக்கும். என் எழுத்தைப் பத்து வருடம் கழித்தும் எந்தப் பாமசியிலும் வாசிக்கலாம். அதோடு எனக்குக் கைராசி என்று ஒரு பெயர் வேறு பரவியிருந்தது. டொக்டரம்மா தொட்டால் நோவு இல்லை, எழுதினால் வீக்கம் இல்லை. கைராசி உள்ளவளின் எழுத்தை எறிய யாருக்கு மனம் வரும்? போட்டோக்கொப்பிக் கடையில் கொடுத்து லமினேட் செய்தார்கள். பிறப்புச் சான்றிதழோடும் காணி உறுதியோடும் ஒரே பைலில் வைத்தார்கள். பல்லு நொந்தால் எடுத்துப்போய்க் காட்டி மருந்து வாங்கிவிட்டுத் திரும்பவும் பைலில் வைத்தார்கள். மச்சாளுக்குக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிய வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்.

அன்று கிளினிக் வாசலில் இருபது பேரளவில் இருந்தார்கள். வரிசையைக் குழப்பிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். சுபா. சில வருடங்களுக்கு முன் அவளுக்கு ஒரு பல்லுப் பிடுங்கியிருக்கிறேன். முகம் ஞாபகம் இருந்தது. பின்னால் அவள் கணவர். நல்லூரில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிற குகன் மாஸ்டர். அவருடைய வகுப்பு விடுகிற நேரத்தில் சைக்கிள்களால் அந்த ஒழுங்கையே அடைபடும். மைக் பிடித்து மூன்று மணித்தியாலம் தொடர்ந்து கதைக்கிற மனிதர் அன்று ஒரு சொல்லும் கதைக்கவில்லை. வாய்க்குக் கீழே துவாயைப் பிடித்திருந்தார். துவாய் நனைந்திருந்தது. தன் எச்சிலை விழுங்க அவரால் முடியவில்லை.

"இருங்கோ மாஸ்டர்," என்றேன்.

கதிரையின் விளிம்பில் முன்னுக்குச் சாய்ந்து இருந்தார். பின்னால் சாய மறுத்தார். என் மேசையிலிருந்த பேனையை எடுத்து, பதிவுக் கொப்பியின் ஓரத்தில் எழுதினார்: "சனிக்கிழமை மொடல் பேப்பர் வகுப்பு. குளிசை மட்டும் தாங்கோ. பல்லுப் பிறகு."

நான் அவருடைய கழுத்தைத் தொட்டேன்.

இளையவர்களுக்காக இந்த இடத்தில் மெதுவாகப் போகிறேன். தாடைக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் வீங்கி, அழுத்தினால் சீழ் அசைந்தால், அது வேறு கதை. மாஸ்டருக்கு இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. பலகைபோல் இறுகியிருந்தது. விரல் பதியவில்லை. வாயை இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்க முடியவில்லை. திறந்த அந்த இடுக்கில் விளக்கைப் பிடித்தேன். நாக்குக்குக் கீழுள்ள தசை மேலெழும்பி, நாக்கை அண்ணத்தோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது. உள்ளே, இடப்பக்கக் கீழ்க் கொடுப்புப் பல்லு, கடைவாய்ப் பல்லு, ஒன்று உக்கிக் கறுத்திருந்தது. அதன் வேர் நுனி, தாடையின் உட்பக்கத்தில், அந்தத் தசை ஒட்டும் கோட்டுக்கும் கீழே இறங்கியிருக்கும். அங்கேயிருந்து பொசிந்த கிருமி கழுத்துக்குள் இறங்கி, மறுபக்கம் தாண்டி, இப்போது மூச்சுப் பாதையை நெருக்கிக்கொண்டிருக்கிறது.

பல்லு என்று வந்தவர். இன்னும் சில மணித்தியாலத்தில் மூச்சு நின்றுவிடலாம்.

பெரியாஸ்பத்திரியில் வாய், முகச் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்தவர் டொக்டர் யாழினி. உடுப்பிட்டிக்காரி. என்னைவிட எட்டு வயது இளையவர். ஆனால் எங்கள் பகுதிப் பல் கிளினிக்குகள் எல்லாவற்றுக்கும் அவர்தான் மேலே. குறைவாகக் கதைப்பார். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும் வரை சும்மா இருப்பார். அந்த மௌனத்துக்கே நாங்கள் பயம். அழைத்தேன்.

"கழுத்து ரெண்டு பக்கமுமோ?"

"ஓம்."

"நாக்கு எழும்பீட்டுதோ?"

"ஓம்."

"படுக்கேலுமோ?"

"ஏலாது. சாயவே மாட்டன் எண்டுறார்."

"படுக்க வைக்காதேங்கோ. இருத்தியே கொண்டு வாங்கோ. கையிலை ஊசி போட்டு லைனை எடுத்து, இருக்கிற மருந்தை ஏத்துங்கோ. மயக்க மருந்து டொக்டருக்கு நான் சொல்லுறன். தியேட்டர் றெடியா இருக்கும். நீங்களும் அம்புலன்சிலை ஏறுங்கோ டொக்டர்."

ஏறினேன். மாஸ்டர் நிமிர்ந்து இருந்தார். ஒக்சிஜன் முகமூடியை நான் பிடித்திருந்தேன். வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் அவருடைய கண்கள் என்னைத் தேடின. மூச்சு உள்ளே போகும்போது ஒரு சின்ன விசில் சத்தம். நான் அந்தச் சத்தத்தை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். அது நிற்கக்கூடாது. அது மட்டும் நிற்கக்கூடாது.

எதிரில் இருந்த சுபா சொன்னாள்: "டொக்டர், நான் கவலையீனமா விடேல்லை. வீங்கின ஒவ்வொரு முறையும் உங்கடை குளிசைதான் குடுத்தனான்."

"என்ரை குளிசையோ?"

"நீங்க எனக்கு எழுதித் தந்ததுதான். உங்கடை கைராசிக்கு எப்பவும் ரெண்டு நாளிலை வத்தும். உடனை நிப்பாட்டிப்போட்டு மிச்சத்தை ரின்னிலை போட்டு வைப்பன், அடுத்தமுறைக்கு. இந்தமுறைதான் கேக்கேல்லை."

"எத்தினை முறை?"

விரல் மடித்து எண்ணினாள். "ஆறு முறை இருக்கும். இவருக்குப் பல்லைப் புடுங்க எங்கை டொக்டர் நேரம்? திங்கள் தொடக்கம் ஞாயிறு வரை கிளாஸ்."

கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். பளபளவென்று, மூலைகள் வளைவாக வெட்டப்பட்டு, என் சாய்வெழுத்து. ஒரு எழுத்தும் மங்கவில்லை.

சத்திரசிகிச்சைத் தியேட்டரில் மாஸ்டருக்கு உடனே முழு மயக்கம் கொடுக்க முடியாது. மயங்கினால் தொண்டைத் தசை தளர்ந்து உள்ள சின்ன வழியும் மூடிவிடும். அதனால் விழித்திருக்கும்போதே கழுத்தின் கீழ்ப்பகுதியை விறைக்க வைத்து, மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். நான் அவருடைய கையைப் பிடித்திருந்தேன். விசில் சத்தம் நின்றது. பிறகு குழாய்க்குள்ளால் காற்று நேராக, அகலமாகப் போனது. அதற்குப் பிறகுதான் மயக்கம். டொக்டர் யாழினி தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும், நடுவிலும் கீறினார். சீழ் குடம் குடமாக வரும் என்று நினைத்தால் வரவில்லை. அரிசி கழுவின தண்ணீர்போல் கொஞ்சம் நீரும், தியேட்டரையே நிறைத்த ஒரு நாற்றமும். அதில் ஒரு துளி ஆய்வுகூடத்துக்குப் போனது. கீறிய இடங்களில் வடிகுழாய் வைத்தார். கடைசியாக அந்தப் பல்லைப் பிடுங்கினார். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆறு முறை தள்ளிப்போட்ட இரண்டு நிமிடம்.

வெளியே கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் டொக்டர் யாழினி நின்றார். சுபா அவரிடமும் துண்டைக் காட்டியிருந்தாள்.

"இது ஆற்றை கையெழுத்து?"

"என்ரை."

"இவவுக்கு அண்டைக்குக் காய்ச்சல் இருந்ததோ?"

யோசித்தேன். எனக்கு ஞாபகம் இருந்தது. ஆட்டமான ஒரு மேல்பல்லு. சுலபமாக வந்தது. "இல்லை."

"வீக்கம்?"

"இல்லை."

"வாய் திறக்கேலாமல்? நீரிழிவு? வேறை ஏதும்?"

"ஒண்டும் இல்லை."

"அப்ப உதை ஆற்றை வருத்தத்துக்கு எழுதினீங்கள்?"

கேட்டுவிட்டுச் சும்மா நின்றார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாதை பூட்டியிருந்த காலம், கப்பல், ஊரடங்கு, எல்லாம் என் நாக்கு நுனிவரை வந்தன. சுபாவின் பல்லைப் பிடுங்கிய அன்று பாதை திறந்துதான் இருந்தது. அவள் வீட்டிலிருந்து கிளினிக்குக்குச் சைக்கிளில் பத்து நிமிடம்.

"என்ரை பயத்துக்கு," என்றேன்.

அவர் தலையசைத்தார். கோபம் இல்லை. முதல்முறையாக என்னை டொக்டர் என்று சொல்லாமல் சொன்னார்: "பயத்துக்கு அமொக்சிசிலின் கேக்காது, அக்கா."

துண்டை என் கையில் தந்துவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

மூன்றாம் நாள் ஆய்வுகூட அறிக்கை வந்தது. இடப்பக்கத்தில் மருந்துகளின் பெயர்கள், வலப்பக்கத்தில் ஒற்றை எழுத்து. எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்குப் பணியும். ஆர் என்றால் பணியாது. அமொக்சிசிலினுக்கு நேரே ஆர். மாஸ்டரின் வாயிலிருந்த கிருமிகளில் பலவீனமானவை ஒவ்வொரு முறையும் செத்திருக்கும். பலமானவை மிஞ்சியிருக்கும், பெருகியிருக்கும். நாங்கள் வருடக்கணக்காக அவற்றுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறோம். ஊசி மருந்தை மாற்றினார்கள். நான் ஒவ்வொரு நாளும் கிளினிக் முடிந்ததும் பஸ் எடுத்துப் போனேன். மாஸ்டர் அட்டையில் எழுதிக் கேட்பார்: "குரல் வருமோ?" சுபா என் முகத்தைப் பார்ப்பாள். "குழாயை எடுத்த பிறகுதான் தெரியும்," என்பேன். பொய் சொல்லக்கூடாது என்று தீர்மானித்திருந்தேன்.

அந்த நாட்களில் ஒரு பஸ் பயணத்தில், இத்தனை வருடமாக நித்திரையில் சொல்லக்கூடிய பாடத்தைத் திரும்பப் படித்தேன், மனதுக்குள். அமொக்சிசிலின் பெனிசிலின் குடும்பம். கிருமி தன் சுவரைக் கட்டும்போது கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சாந்து பிடிக்க விடாது. சுவர் விழும். எங்கள் உடலின் கலங்களுக்கு அந்தச் சுவர் இல்லை. அதனால் ஒவ்வாமை உள்ளவரைத் தவிர மற்றவருக்கு அது பெரிய தீங்கு செய்யாது. சில கிருமிகள் அந்த மருந்தையே வெட்டுகிற கத்தரிக்கோலைச் செய்யப் பழகிவிடும். மெற்றோனிடசோல் வேறு வகை. காற்றுப் புகாத இடுக்கில் வாழும் கிருமிக்குள் புகுந்து அதன் பரம்பரை இழையை அறுக்கும். காற்றில் வாழும் கிருமியை அது தொடாது. எரித்ரோமைசின் கிருமிக்குள் நடக்கும் புரதப் பட்டறையை நிறுத்தும். கிளிண்டமைசினும் பட்டறையைத்தான் நிறுத்தும், எலும்புக்குள்ளும் போகும். ஆனால் குடலின் நல்ல கிருமிகளையும் துடைத்து, ஆளையே சாய்க்கிற வயிற்றோட்டத்தைக் கொண்டுவரலாம். ஆகவே பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. எல்லாம் இரத்தத்தில் ஏறித்தான் போக வேண்டும். செத்த பல்லின் நரம்புக் குழிக்குள் இரத்தம் போவதில்லை. அடைபட்ட சீழுக்குள்ளும் சரியாகப் போவதில்லை. பாதை பூட்டிய ஊருக்கு லொறி எப்படிப் போகும்? வாழ்க்கையில் பத்து வருடம் அதையே பார்த்த எனக்கு இது விளங்க இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. முதலில் பாதையைத் திற. பல்லைத் திற, அல்லது பிடுங்கு, அல்லது கீறிச் சீழை வெளியே விடு. கிருமி அந்த இடத்தைத் தாண்டிப் பரவுகிறது என்று கண்டால், காய்ச்சலும் பரவும் வீக்கமும் வாய் திறக்கேலாமையும் கண்டால், அல்லது உடம்பில் எதிர்ப்பே இல்லாத ஆள் என்றால், அப்போது மருந்து. பல்லு நோவுக்கு மட்டும் என்றால் நோவு மருந்தே போதும்.

அடுத்த நாள் கிளினிக்கில் என் மேசையை மாற்றினேன். துண்டுப் புத்தகம் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும். அதைப் பின்னாலுள்ள அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அன்ரிபயோட்டிக் எழுத வேண்டுமென்றால் நான் எழும்ப வேண்டும், நாலடி நடக்க வேண்டும், பூட்டைத் திறக்க வேண்டும். அந்த நாலடியில் டொக்டர் யாழினியின் கேள்விகளை எனக்கே கேட்பேன். பாதி நாட்களில் மூன்றாவது அடியில் திரும்பி வந்து இருந்துவிடுவேன்.

எழுத வேண்டியவருக்கு எழுதும்போது, என்ன காரணம் என்று தமிழில் எழுதினேன். 'ஒருமுறை மட்டும்' என்று எழுதிக் கீழே கோடு போட்டேன். மூன்றாம் நாள் வந்து காட்ட வேண்டும் என்று தேதி போட்டேன். இன்னும் தொடர்வதா, நிறுத்துவதா என்பதை அன்று பார்த்து நான்தான் சொல்வேன், ரின் சொல்லாது. மருந்து எழுதாமல் அனுப்பியவரையும் மூன்றாம் நாள் வரச் சொன்னேன். ஒவ்வாமை உண்டா, இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுக்கிறீர்களா, பிள்ளைத்தாச்சியா என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். லமினேட் செய்த துண்டு இந்தக் கேள்விகளைக் கேட்காது.

சனம் இலகுவில் விடவில்லை.

"பல்லைப் புடுங்கிப்போட்டு வெறுங்கையோடை அனுப்புறா."

"டொக்டரம்மாக்கு வயசு போட்டுது. கைராசியும் போட்டுது."

"டவுனிலை போனா கேக்காமலே எழுதித் தருவினம். இஞ்சை கெஞ்ச வேண்டிக் கிடக்கு."

முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். சிலர் போயே போனார்கள். ஒரேயொரு நாள்தான் எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார். ஒருவர் தானாக வாசலில் வைத்தே, "டொக்டர், ரெண்டு வகைக் குளிசையும் வேணும்," என்றார்.

"தரலாம் அண்ணை. ஆனா மெற்றோனிடசோல் எடுத்தாக் கள்ளுத் தொடக்கூடாது. குளிசை முடிஞ்ச பிறகும் ரெண்டு நாளைக்கு."

"எல்லாமா ஒரு கிழமையோ?"

"ஒரு கிழமை."

அவர் பனைகளின் பக்கம் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். "அப்ப குளிசை வேண்டாம். பல்லைப் புடுங்குங்கோ."

எல்லா நாளும் அப்படிச் சிரித்துக்கொண்டு போகவில்லை. நான் மருந்து எழுதாமல் அனுப்பிய ஒரு பெண் மூன்றாம் நாள் கன்னம் வீங்கி, காய்ச்சலோடு வந்தாள். வெளியில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. திரும்பவும் எல்லாருக்கும் எழுதத் தொடங்கிவிடு என்று என் வலக்கை சொன்னது. நான் அவளை இருத்தி, முரசை, பல்லின் ஈறை, கீறி, சீழை வெளியே விட்டு, அலுமாரியைத் திறந்து, அவளுக்கு எழுதினேன். அவளுக்கு மட்டும். ஏனென்றால் அன்று அவளுக்குக் காரணம் இருந்தது. மூன்றாம் நாள் வரச் சொன்னதும் அதற்காகத்தானே. அடுத்து வந்தவருக்குக் காரணம் இல்லை. அவருக்கு எழுதவில்லை.

மாஸ்டரின் கழுத்துக் குழாயை எடுத்த அன்று நான் அங்கே நின்றேன். துளையை மூடிக் கட்டினார்கள். "கதைச்சுப் பாருங்கோ," என்றார் டொக்டர் யாழினி. மாஸ்டர் வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. சுபா சேலைத் தலைப்பை வாயில் வைத்தாள். திரும்பவும் முயன்றார். கரகரவென்று, தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல் ஒரு சத்தம்.

"மொடல் பேப்பர்... ஆர் திருத்தினது?"

டொக்டர் யாழினி சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஒரு மாதத்தில் வகுப்புக்குப் போனார். கழுத்துவரை பொத்தான் போட்ட சேட். குரல் முழுதாகத் திரும்பவில்லை. மைக்கைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் போதும் என்றார். கிளினிக்குக்கு வந்து என் முன்னால் இருந்தார்.

"பிழை என்ரை டொக்டர். பல்லை அப்பவே புடுங்கியிருக்க வேணும்."

"இல்லை மாஸ்டர். முதல் வரியிலை பிழை விட்டது நான். அதைப் பாத்துத்தான் நீங்க மிச்சக் கணக்கைச் செய்தனீங்கள்."

"அப்ப முதல் வரியிலையிருந்து வெட்டுவம்," என்றார்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் மைக்கில் சொல்லியிருக்கிறார். வீட்டு பைல்களில் இந்த டொக்டரின் லமினேட் துண்டு இருந்தால் கொண்டு வரட்டாம். கழுத்துப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டினாராம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் வீட்டுக்கு வர, வாசலில் சுபா ஒரு பையோடு நின்றாள். உள்ளே என் எழுத்து. அடுக்கடுக்காக, பளபளவென்று, ஒன்றும் மங்காமல். கிழித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் கிழியவில்லை. கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொன்றாக வெட்டினேன். வெட்டும்போது ஒவ்வொரு பெயரையும் வாசித்தேன். எத்தனை பேருக்கு உண்மையில் தேவைப்பட்டது? சிலருக்கு. சிலருக்கு மட்டும்.

எல்லாம் வந்து சேரவில்லை. வராதவை எங்கெங்கோ பைல்களுக்குள் காத்திருக்கின்றன. அதனால்தான் ஓய்வு பெற்ற பிறகும், ஒரு துண்டு தலைகாட்டினால் என்னைக் கூப்பிடச் சொல்லித் துவாரகாவிடம் சொல்லி வைத்திருந்தேன். அதனால்தான் செருப்பும் சாவியும் வெயிலும்.

கிளினிக்கில் அவர் இருந்தார். கந்தையா அண்ணை. புகையிலைத் தோட்டக்காரர். வலது கன்னம் இலேசாக வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் துவாரகாவைப் பார்த்து, "பாத்தீரோ பிள்ளை, ஆளே வந்திட்டா!" என்றார்.

"அண்ணை, வாயைத் திறவுங்கோ."

திறந்தார். நான் மேசையிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றேன். துவாரகாதான் பார்த்தாள், அவளுடைய கதிரை அது. கழுத்தைத் தொட்டாள். காய்ச்சல் பார்த்தாள். ஒவ்வாமையைக் கேட்டாள், நீரிழிவைக் கேட்டாள், வேறு குளிசைகளைக் கேட்டாள். "பல்லு முறிஞ்சு வேர் மட்டும் நிக்குது அக்கா. முரசிலை சின்னச் சீழ்க்கொப்புளம். அதுக்கு மேலாலை பரவேல்லை. காய்ச்சல் இல்லை, கழுத்து மெத்தெண்டிருக்கு. குளிசை தேவையில்லை, வேரை இப்பவே எடுக்கலாம்."

"அப்ப குளிசை?" என்றார் அவர் என்னைப் பார்த்து.

"டொக்டர் சொன்னதுதான் அண்ணை."

பதினைந்து நிமிடத்தில் வேர் தட்டில் கிடந்தது. கொப்புளம் வடிந்தது. அவர் பஞ்சைக் கடித்துக்கொண்டு, விறைத்த உதட்டோடு, கையை நீட்டினார். "என்ரை துண்டு?"

"அது என்ரை கையெழுத்து அண்ணை. என்னட்டையே இருக்கட்டும்."

"வெறுங்கையோடை வீட்டை போனா மனிசி நம்பமாட்டா. வேறை ஒண்டு எழுதித் தாங்கோ. உங்கடை கையாலை."

துவாரகாவைப் பார்த்தேன். அவள் கதிரையிலிருந்து எழும்பினாள். பின்னாலுள்ள அலுமாரிக்கு நாலடி நடந்தாள். பூட்டைத் திறந்து துண்டுப் புத்தகத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். நான் அம்மாவின் நாலு கோட்டுக் கொப்பியை நினைத்துக்கொண்டு, சாய்வாக, நிதானமாக எழுதினேன். அவருடைய பெயர். இன்றைய தேதி. 'வலது கீழ்க் கொடுப்புப் பல்லின் வேர் பிடுங்கப்பட்டது. அன்ரிபயோட்டிக் தேவையில்லை. வீக்கம், காய்ச்சல் கண்டால் உடனே வரவும். இல்லாவிட்டாலும் மூன்றாம் நாள் டொக்டர் துவாரகாவிடம் வந்து காட்டவும்.' துவாரகா கையெழுத்திட்டாள்.

அவர் துண்டைத் தூரப் பிடித்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். மடிக்காமல் சேட் பொக்கற்றில் வைத்தார். வாசலில் நின்று திரும்பினார்.

"உதை லமினேட் பண்ணலாமோ?"

"பண்ணுங்கோ அண்ணை," என்றேன். "ஓரம் கழராமல் வடிவா ஒட்டச் சொல்லுங்கோ."